தொண்ணூறு எம்.எல். கப்

1. ட்ரையல் ரன்

கிசுமுவில் மூன்றாம் நாள் காலை மெஷின் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. கிசுமு கென்யாவில் ஓர் ஏரிக்கரை ஊர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேப்பர் கப் மெஷின் செய்கிற கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர். விற்ற மெஷினை நாடு நாடாகப் போய் நிறுத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது என் வேலை. கிசுமுதான் என் முதல் வெளிநாடு.

இந்த மெஷினை வாங்கியவர் ரோஸ் மேடம். பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கையில் வந்ததை எல்லாம் இதில் போட்டிருந்தார். ஆர்டர் கொடுக்கும் முன்பு போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த சைஸ் அதிகம் விற்கும்?"

"தொண்ணூறு எம்.எல். மேடம். உலகம் பூரா அதுதான் ஓடுது" என்றேன். எவ்வளவு தெனாவட்டு பாருங்கள்! நசரத்பேட்டையில் வீடு, அம்பத்தூரில் வேலை, நடுவில் வண்டியை நிறுத்தி ஒரு டீ. அது வரைக்கும் நான் கண்ட உலகம் அவ்வளவுதான். அந்த சைஸுக்கு டை, அதாவது கப்புக்கு வடிவம் கொடுக்கிற இரும்பு அச்சு, செய்து, மாட்டி, கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

முதல் நூறு கப்பை எடுத்துக்கொண்டு ரோஸ் மேடமும் நானும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்த டீ, அப்படியே நம் ஊர் மணம். கடைக்காரர் எங்கள் கப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு வைத்திருந்த பெரிய எனாமல் குவளையிலிருந்து அதில் ஊற்றினார். ஒன்று நிறைந்தது, இரண்டு நிறைந்தது, மூன்று நிறைந்தது. குவளையில் இன்னும் டீ இருந்தது. கடையே சிரித்தது.

"பொம்மைக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

ரோஸ் மேடம் சிரிக்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி வந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

"உங்ககிட்ட அந்த டை சும்மா கிடந்தது. அதைத் தள்ளிவிட எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்க" என்றார். எல்லாம் இங்கிலீஷில்தான். டீச்சர் குரல். நான் ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி தலை குனிந்து நின்றேன்.

2. போன்

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் அம்பத்தூர் பக்கத்துப் பாடியில் ஒற்றை லேத்து வைத்து மேலே வந்தவர். கோபம் வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, மேஜையில் வைத்தாலே கேட்கும்.

"இன்னாய்யா சொல்ற? டையை மாத்தணுமா? நீதான ஒலகம் பூரா ஓடுதுன்னு அளந்துகினு இருந்த?"

"தப்புதான் சார். முன்னூறு எம்.எல். டை ஒண்ணு வேணும். ஏர்ல அனுப்புங்க."

"அம்மாம் இரும்ப ஏரோப்ளேன்ல அனுப்ப நான் இன்னா மந்திரியா? செய்யணும், கப்பல்ல போடணும், ரெண்டு மாசம் ஆவும். அந்தம்மா கையில காலுல வுழுந்து சமாளி."

இரண்டு மாதம் மெஷின் சும்மா நின்றால் ரோஸ் மேடம் கதை முடிந்துவிடும். வாடகை ஷெட், வேலைக்கு வைத்த இரண்டு பெண்கள், விட்டுவிட்டு வந்த டீச்சர் வேலை.

3. கடலை

மறுநாள் காலை ரோஸ் மேடம் முகத்தில் முழிக்க தைரியம் இல்லாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். அந்த நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. கடலை விற்கிற பெண்கள் பழைய பரீட்சைப் பேப்பரைப் பொட்டலமாகச் சுருட்டி, ஒரு சின்ன டின்னால் அளந்து போட்டார்கள். நானும் ஒன்று வாங்கினேன். நாலு அடி நடப்பதற்குள் பொட்டலம் பிரிந்துகொண்டது. பையில் சாம்பிள் கப் இருந்தது. மிச்சக் கடலையை அதில் கொட்டிக்கொண்டேன்.

கடலைக்காரி எழுந்து வந்து அந்தக் கப்பைப் பிடுங்கினாள். என் கடலையைத் தன் தட்டில் கொட்டிவிட்டு, டின்னால் ஓர் அளவை அள்ளி அதில் போட்டாள். விளிம்புக்குச் சரியாக நின்றது. இன்னொரு தரம் போட்டாள். அதே அளவு. பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு என்னவோ கேட்கச் சொன்னாள்.

"இது எங்கே கிடைக்கும்னு கேக்குறாங்க" என்றான் அவன் இங்கிலீஷில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இது டீ கப், இதில் கடலை போடக்கூடாது என்று அவளோடு வாதாடினேன்! அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கு ஓடினேன்.

மத்தியானத்துக்குள் மூன்று கடலைக்காரிகள் ஷெட் வாசலில் நின்றார்கள். ரோஸ் மேடம் மெஷினை ஆன் செய்தார். என்னிடம் மட்டும் பேசவில்லை. வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொய் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நானாக இருந்தாலும் அதை நம்பியிருக்க மாட்டேன்.

4. அதற்குப் பிறகு

பெரிய டை போய்ச் சேர்ந்தது. டீக்கடைக்காரரும் அதில் வந்த கப்பை வாங்கினார். சின்ன டையை மட்டும் ரோஸ் மேடம் திருப்பி அனுப்பவில்லை.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. கடை கடையாகக் குடிப்பேன், அளந்து எழுதிக்கொள்வேன், அந்த நாட்டு அடுத்த ஆர்டருக்கு அந்த அளவில்தான் டை. டாக்காவில் கெட்டிப்பால் டீ, நம்முடையதை விடச் சின்ன கிளாஸ். தாஷ்கண்டில் காதில்லாத கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். அடிக்கடி சூடாக ஊற்றிக் கொடுப்பதுதான் விருந்தாளிக்கு மரியாதை. வியட்நாமில் முழங்கால் உயர ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு ஐஸ் காபியோடு ஒரு மணி நேரம் பேசுவார்கள். எனக்கு வயிறுதான் கெட்டது. ஒரு டைகூடத் தப்பாகப் போகவில்லை.

போன வருஷம் ரோஸ் மேடம் இரண்டாவது மெஷினுக்காக அம்பத்தூருக்கு வந்தார். முதலாளி மாலை போடாத குறை. "அன்னிக்கே சொன்னேன்ல, சின்ன கப்பு தூள் கெளப்பும்னு?" என்று என்னிடமே சொன்னார்.

ஷிப்ட் விடுகிற நேரத்தில் அவரை எஸ்டேட் வாசல் டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். டீ மாஸ்டர் கப்பை நீட்டினார். ரோஸ் மேடம் அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கடலை எங்கே?" என்று கேட்டார்.

"இன்னா கேக்குறாங்க அண்ணாத்தே?" என்றார் மாஸ்டர். நான் சிரித்துவிட்டேன்.

அப்புறம் ரோஸ் மேடம் சுற்றிலும் பார்த்தார். லேத்து ஆட்கள், லோடு ஆட்கள், யூனிபார்ம் போட்ட பெண்கள் என்று எல்லார் கையிலும் அதே சின்ன கப். இரண்டே வாயில் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

"நீங்க பொய் சொல்லல" என்றார். "நீங்க பார்த்தது இவ்வளவுதான்."

மாஸ்டரிடம் மேடத்துக்கு, அவர் ஊர்க் குவளைக் கணக்குக்கு, இன்னும் இரண்டு டீ போடச் சொன்னேன்.