பௌர்ணமி வேண்டாம் என்ற தசரதன்

திருவண்ணாமலைப் பக்கத்துப் பர்வதமலைக்கு எப்போது போகலாம் என்று திருவேற்காட்டில் யாரைக் கேட்டாலும் பௌர்ணமிக்குப் போங்கள் என்பார்கள். நிலா வெளிச்சத்தில் ஏறலாம், வெயில் இருக்காது, துணைக்கு ஆயிரம் பேர் வருவார்கள். தசரதனைக் கேட்டால் மட்டும் வேறு பதில் வரும். "பௌர்ணமியா? அன்னிக்கு மட்டும் போவாதீங்க" என்பார்.

தசரதனுக்கு வயது நாற்பத்து மூன்று. ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கடைசி சோதனை மேஜை அவருடையது. தட்டில் கொட்டிக் கிடக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் ஒரு சுற்று சுற்றி, திருகு மரையில் பிசிறு இருந்தால் இடது பக்கம் போடுவார். கண்ணாடி போட்ட சூப்பர்வைசர் விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்துத் தேடும் குறையை இவர் பேசிக்கொண்டே எடுத்துப் போட்டுவிடுவார். பதினேழு வருஷமாக அந்த மேஜைக்கு வேறு ஆள் வரவில்லை.

அவர் பெரிய பக்திமான் என்று சொல்ல முடியாது. கோயிலுக்குப் போனால் அவருக்குக் கிடைப்பது மணிச் சத்தமும் கற்பூர வாசனையும்தான். எல்லோரும் சாமியைப் பார்த்துவிட்டு வருவார்கள். அவர் சாமிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வருவார். ஒருநாள் ஷேர் வேனில் பூந்தமல்லிக்குப் போகும்போது, ஓட்டுநர் கஜபதி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். பர்வதமலை உச்சியில் யார் வேண்டுமானாலும் லிங்கத்துக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றலாமாம், தொட்டுக் கும்பிடலாமாம்.

"தொடலாமா?" என்று தசரதன் மூன்று முறை கேட்டார். கஜபதி மூன்று முறையும் ஆமாம் என்றார்.

அதற்குப் பிறகு தசரதனுக்கு அந்த மலையைத் தவிர வேறு நினைப்பு இல்லை. முப்பத்தேழு வருஷமாகக் கும்பிட்ட சாமியை ஒருமுறை கையால் பார்த்துவிட வேண்டும்.

கஜபதி மாதாமாதம் பௌர்ணமிக்கு ஒரு வேன் எடுப்பவர். சித்திரை பௌர்ணமி வேனில் தசரதனையும் அவர் மனைவி எழிலையும் ஏற்றிக்கொண்டார். அடிவாரத்துப் படிகள், அதற்கு மேல் கல்லும் வேருமான பாதை, எல்லாம் ஒருவழியாகக் கடந்தாயிற்று. கடப்பாரைப் பாதைக்கு வந்ததும் வரிசை நின்றுபோயிற்று. செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கி, அவற்றைச் சங்கிலியால் கோத்திருக்கும் இடம் அது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே சங்கிலியைப் பிடித்தார்கள். நாலா பக்கமும் அரோகரா, விசில், செல்போன் பாட்டு. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காதால் அறிகிறவருக்கு அந்தச் சத்தம் இருட்டுக்கு மேல் இருட்டு. ஒன்றரை மணி நேரம் ஒரே கடப்பாரையைப் பிடித்தபடி நின்றார். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது: "கண்ணு தெரியாதவர எவன்யா இட்டாந்தது? வழிய உடச் சொல்லுங்கப்பா!"

இறங்கிவிட்டார். இறங்க உதவியவர் அவருக்கு நேர் கீழே சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்த பாஸ்கரன். திருநெல்வேலிக்காரர், நசரத்பேட்டை அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர். அடிவாரத்தில் தசரதனின் தோல் உரிந்த உள்ளங்கைகளுக்கு எழில் மஞ்சள் வைத்துக் கட்டினார்.

"போதுங்க. நமக்கு இந்த மலை வேணாம்" என்றார் எழில்.

"தப்பு கண்ணுல இல்ல எழிலு. தேதியில கீது" என்றார் தசரதன்.

திரும்பி வந்த வாரமே தேதியைத் தேடத் தொடங்கினார். கஜபதியிடம் வேனில் போனவர்களின் போன் நம்பர்களை வாங்கி, மாதம் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். முதல் மாதங்களில் ஒன்றும் தேறவில்லை.

"மேலேர்ந்து பாத்தா செமயா இருந்துது சார். மேகம் அப்படியே காலுக்குக் கீழ..."

"மேகம் கெடக்கட்டும் நைனா. சங்கிலி எப்படி இருந்துது?"

"சங்கிலியா?" எதிர்முனையில் யோசனை. "இருந்துது சார்."

கண் இருக்கிறவர்கள் கையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று தசரதன் சிரித்தார். உத்தியை மாற்றினார். வந்தபின் கேட்பதை விட்டுவிட்டு, வேன் கிளம்பும் முன்பே கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்: "சங்கிலியப் புடிக்கும்போது கை சுடுதா, வழுக்குதா, அத்த மட்டும் கவனிச்சிகினு வாங்க. வேற ஒண்ணும் வேணாம்." வேலை என்று கொடுத்தால் ஜனங்கள் செய்கிறார்கள். தகவல் வரத் தொடங்கியது.

பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் பகலில் இரும்பைத் தொட முடியாது. இரவில் ஏறினால் உள்ளங்கை வேர்த்து நழுவுகிறது. ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும் மாலையானால் எங்கிருந்தோ இடி இறங்குகிறது. பாஸ்கரன் செல்போனில் மழைக் கணக்கு பார்த்துச் சொல்லிப்பார்த்தார். "அண்ணாச்சி, நாப்பது சதவீதம்னு போட்டிருக்கான்" என்பார். "பாறைமேல நிக்கிறவனுக்கு நாப்பது இன்னா, நூறு இன்னா?" என்று தசரதன் அந்த மூன்று மாதங்களையும் தள்ளினார். ஐப்பசி, கார்த்திகை பற்றிப் பேச்சே இல்லை. ஓடையில் வெள்ளம், பாறையில் பாசி. மார்கழியைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்தார்கள். சங்கிலி ஐஸ்கட்டி மாதிரி இருந்தது, கை மரத்துப்போனது என்று ஒருவர் சொன்னதும் அதையும் அடித்துவிட்டார்.

"குளிர்தானே? கையுறை போட்டுக்கலாமே அண்ணாச்சி" என்றார் பாஸ்கரன்.

"வெரலு மரத்துப்போச்சுன்னா எனக்கு ரெண்டாந்தபா கண்ணு போன மாதிரிப்பா. கையுறையும் அதே கததான்."

இருபது மாதம் விசாரித்ததில் மிஞ்சியது பதினைந்து நாள். தைப்பூசம் முடிந்து, மாசிச் சிவராத்திரிக்கு முன்னால். மழை நின்று பாறை காய்ந்திருக்கும், பனி குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வார நாளாகப் பார்த்து, விடிந்ததும் ஏறத் தொடங்கினால் கூட்டமும் இருக்காது. முடிவை கஜபதியிடம் சொன்னார்.

கஜபதி சத்தம் போட்டுச் சிரித்தார். "அண்ணாத்தே, நிலாவுக்கோசரம்தான் ஊரே பௌர்ணமிக்குப் போவுது. நீ இன்னாடான்னா நிலா வேணாங்கிற?"

"எனக்கு எதுக்குய்யா நிலா? கரண்டே இல்லாத ஊட்டுல எத்தினி லைட்டு மாட்டினா இன்னா?"

"அது உனக்கு. வண்டிக்கு ஒம்போது பேராவது வேணுமே. பௌர்ணமியும் இல்லாம, வார நாள்ல எவன் லீவு போட்டுகினு மலையேறுவான்? ஒம்போது பேரு சேத்துக் குடு, நான் வரேன். இல்லேன்னா பேச்ச உட்ரு."

எழில், பாஸ்கரன், தசரதன்: மூன்று பேர். இன்னும் ஆறு பேர் வேண்டும். கம்பெனியில் கேட்டார், ஞாயிறு என்றால் வருகிறோம் என்றார்கள். பக்கத்து வீடுகளில் கேட்டார். சிவராத்திரிக்குப் போகலாமே என்றார்கள். பதினைந்து நாளில் ஐந்து நாள் போய்விட்டது. அந்த வருஷம் தவறினால் மறு வருஷம்தான்.

வழி கிடைத்தது முடிவெட்டும் நாற்காலியில். சலூன்காரர் பச்சையப்பன் கத்தரியை ஓட்டிக்கொண்டே புலம்பினார்: "பௌர்ணமின்னா அது நாயித்துக்கெழமையில வந்து நிக்கும். எங்களுக்கு நாயித்துக்கெழமதான் பொழப்பே. செவ்வாக்கெழம கடை லீவு, அன்னிக்குப் பௌர்ணமி வர்றது எப்பவோ ஒரு தபா, வந்தாலும் வண்டியில எடம் இருக்காது. இருவது வருஷமா அந்த மலைய கேள்விப்பட்டதோட சரி."

தசரதன் பாதி வெட்டிய தலையோடு திரும்பினார். "செவ்வாக்கெழம வண்டி போனா வருவியா?"

"நான் இன்னா, திருவேற்காட்டு சலூனே வரும்!"

அன்று சாயங்காலத்துக்குள் எட்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். கஜபதி வாயைப் பிளந்தார். "அத்தினி பேரும் கத்தி புடிக்கிறவனுங்க. தேதிய மாத்தினா எங்கழுத்துக்குத்தான் ஆபத்து" என்று சொல்லி வண்டியைத் துடைக்கப் போனார்.

திங்கள் மாலை கிளம்பி அடிவாரத்து மண்டபத்தில் படுத்தார்கள். செவ்வாய் விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். மலையில் சத்தமே இல்லை. முன்னால் போகும் பச்சையப்பனின் காலடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தசரதனுக்குத் துல்லியமாகக் கேட்டது. படிகளில் கோலைத் தட்டி, ஒரு கை பாஸ்கரனின் பையைப் பிடித்து, சிரமமில்லாமல் ஏறினார். "தேதின்னா இதாண்டா தேதி!" என்று சலூன்காரர்கள் ஆளுக்கொரு முறை சொன்னார்கள்.

படிகள் முடிந்து காட்டுப் பாதை தொடங்கிய இடத்தில் தசரதன் நின்றார். கோலை ஊன்றினார். சரக் என்றது. தள்ளி ஊன்றினார். அங்கேயும் சரக். கல் எது, குழி எது, வேர் எது, எல்லாம் ஒரே சத்தம்.

"இன்னாது இது?"

"சருகு அண்ணாச்சி" என்றார் பாஸ்கரன். "காடு பூரா உதிர்ந்து கெடக்கு. கணுக்கால் வரைக்கும் இருக்கு."

மழை நின்ற காடு இலையை உதிர்க்கும். இருபது மாதம் இரும்பைக் கேட்டார், பாறையைக் கேட்டார், பனியைக் கேட்டார். எல்லாக் கேள்வியும் கையைப் பற்றியதாகவே இருந்தது. பதினேழு வருஷமாக விரலால் வேலை பார்க்கிறவர் காலைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார். இரவில் ஏறியவர்களுக்கும் சருகு கண்ணில் படவில்லை.

பத்தடி வைப்பதற்குள் இரண்டு முறை கால் பிசகியது. மூன்றாம் முறை முழங்கால் கல்லில் இடித்தது. எழில் அவர் தோளைப் பிடித்தார். திரும்பிவிடலாம் என்று அவர் சொல்லவில்லை.

அவர் கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வெறுங்காலால் சருகைத் துழாவி, அடியில் இருக்கும் கல்லைக் கண்டுபிடித்து, பிறகு எடையைப் போட்டார். சரியாக வந்தது. ஆனால் ஓர் அடிக்கு அரை நிமிடம் ஆயிற்று. இப்படிப் போனால் உச்சிக்குச் சேர இருட்டிவிடும். இருட்டுமுன் எல்லோரும் கீழே இறங்கியாக வேண்டும்.

கஜபதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துப் புதரிலிருந்து ஒடிந்து கிடந்த கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

"நான் பெருக்கிகினே போறேன். நீ எம்பின்னால வா அண்ணாத்தே."

"மலையவா பெருக்குவ?"

"தெனம் காத்தால வண்டிய பெருக்குறேன். இது கொஞ்சம் பெரிய வண்டி."

ஒரு பர்லாங்கில் கஜபதிக்கு மூச்சு வாங்கியது. பச்சையப்பன் கிளையை வாங்கிக்கொண்டார். "கடையில முடிய பெருக்குற கைய்யா இது, பாரு" என்று அவர் தொடங்க, அவருக்குப் பின் இன்னொருவர், இன்னொருவர். சருகு விலகிய பாதையில் தசரதனின் கோல் மறுபடி கல்லைக் கல்லாகவும் மண்ணை மண்ணாகவும் சொன்னது. நடை வேகம் பிடித்தது.

கடப்பாரைப் பாதையில் யாருமில்லை. தசரதன் சங்கிலியைத் தொட்டார். சூடில்லை, ஈரமில்லை, குளிருமில்லை. கடப்பாரையை விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், பிசிறு தேடுகிற பழக்கத்தில். பிறகு ஏறத் தொடங்கினார். இரண்டு கையும் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்கே தெரிந்திருந்தது. கீழே நின்ற எழில் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். அறுநூறுகூட ஆகவில்லை, மேலேயிருந்து குரல் வந்தது.

"எழிலு, நீ பயப்படாம வா. நல்லா கீது."

உச்சியில் கருவறை திறந்திருந்தது. தீபத்துக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரைத் தவிர ஒருவருமில்லை. பாஸ்கரன் சுமந்து வந்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். எழில் தசரதனின் கையைப் பிடித்து லிங்கத்தருகே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

தசரதன் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். அது எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் வழிகிறது என்று காதைத் தீட்டிக் கேட்டார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் உச்சியில் வைத்து, மிக மெதுவாகக் கீழே இறக்கினார். வளைவில் நின்றார். அடியில் ஆவுடையாரின் விளிம்பைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். மறுபடி மேலேயிருந்து தொடங்கினார். அவசரப்படுத்த வரிசை இல்லை. சலூன்காரர்கள் தங்கள் முறைக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"சின்னதுதான்" என்றார் தசரதன் கடைசியில். "நான் ரொம்பப் பெருசுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

எழுந்து, பச்சையப்பனுக்கு வழிவிட்டு, வெளியே வந்து கஜபதியின் தோளைத் தேடிப் பிடித்தார்.

"அடுத்த வருஷம் பத்து நாளு முன்னாடி வரணும் கஜபதி. எல கொட்றதுக்குள்ள."

"அப்போ பனி இருக்காதா அண்ணாத்தே?"

தசரதன் யோசித்தார். "இருக்கும். எத்தினி மணிக்குப் பாறை காயுதுன்னு யாரையாவது கேக்கணும்."