ஹெட்போன் ஓட்டையில் தூண்டில் விட்டேன்

என் மருமகன் ஹெட்போன் ஒயரைப் பிடித்து இழுத்தபோது என் மகள் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஏசி பழுது என்று போன் செய்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லுகிற வேலை அவளுக்கு. லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் போதும். புருஷன் அடி தாங்காமல் இரண்டு மாதம் முன்னால்தான் பட்டினப்பாக்கத்தில் என் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்திருந்தாள். அந்த வேலை இருக்கிறவரை திரும்பிப் போகத் தேவையில்லை. அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் முதலில் ஒயரை இழுத்தான், பிறகு கையை மடக்கி அவள் வாயில் குத்தினான்.

நான் அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து வாசலில் கூடையை இறக்கினேன். தராசுத் தட்டைக் கழற்றி அவன் முதுகில் நாலு போட்டேன். ஐந்தாவது போடுவதற்குள் ஓடிவிட்டான்.

மகள் உதட்டில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒயரின் முனை லேப்டாப் ஓட்டைக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பேச உட்காராவிட்டால் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்களாம். பின்னால் வீட்டுச் சண்டை கேட்கிறது என்று ஏற்கெனவே இரண்டு தரம் எச்சரித்திருக்கிறார்களாம். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அந்த நேரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கடல் காற்றில் எங்களிடம் எல்லாம் துருப்பிடிக்கும், எது இறுகினாலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். அந்த ஓட்டையிலும் விட்டேன். பிறகு சின்னத் தூண்டில் முள் ஒன்றை நிமிர்த்தி உள்ளே விட்டு நெம்பினேன். தூண்டில் முள்ளின் நுனியில் எதிர்முள் உண்டு. போகும்போது சுலபமாகப் போகும், வரும்போது எதையாவது கவ்விக்கொண்டுதான் வரும். அறுபது வருஷமாக மீனோடு கிடப்பவளுக்கு இது தெரியாதா. தெரிந்தும் விட்டேன். இழுத்ததும் முறிந்த முனை வரவில்லை, உள்ளேயிருந்து மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று கிழிந்து வந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். நான் போய்ச் சரி செய்துகொண்டு வருகிறேன் என்று மட்டும் மகளிடம் சொன்னேன். வீங்கிய வாயோடு அவளால் வெளியே வர முடியாது.

தி. நகரில் ஒரு மாடிக்கடை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய கடைக்காரர், ஐம்பது வயதிருக்கும். லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னா ஆயா, உள்ள வஞ்சிரம் வறுத்தியா?"

முனை மட்டும் முறிந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் எடுத்திருப்பேன், எவனோ உள்ளே புகுந்து குதறி வைத்திருக்கிறான், ஓட்டையையே மாற்றவேண்டும் என்றார். எவனோ என்று சொன்னதை நான் திருத்தவில்லை.

சின்னச் சின்னத் திருகுகளைக் காந்தத்தில் ஒட்டவைத்தார். உள்ளேயிருந்த பச்சைப் பலகையை வெளியே எடுத்து, சூடான காற்றை ஊதி, பழையதைப் பிடுங்கினார். என் சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லை. புதியதை வைத்து, ஈயம் உருக்கும் கம்பியால் அதன் கால்களை ஒவ்வொன்றாகப் பற்றவைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் மருமகன் படியேறி வந்தான். வீட்டுக்குத் திரும்பப் போய் லேப்டாப் இல்லாததைப் பார்த்திருக்கிறான், தெருவில் எனக்கு இந்தக் கடையைச் சொன்னவளே அவனுக்கும் சொல்லியிருக்கிறாள். கையில் ஹெல்மெட்.

"அத்தே, அத இப்டி குடு. அது இருக்கறதாலதான் அவ ஆடிக்கினு கீறா."

கடைக்காரர் கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததில் பலகை மேசையில் தனியாகக் கிடந்தது. அவன் அதைக் குறிவைத்து ஹெல்மெட்டை ஓங்கினான். நான் என் இடது கையைப் பலகைமேல் குடைபோலக் கவிழ்த்தேன். முதல் அடியில் மோதிர விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கையை எடுக்கவில்லை. இரண்டாவது அடியில் பக்கத்து விரல். ரத்தம் மேசையில் சொட்டியது, பலகையில் ஒரு துளி படவிடவில்லை. மூன்றாவதற்கு அவன் கை உயர்ந்தபோது, தாங்கியில் இருந்த சூட்டுக்கம்பியை வலது கையால் எடுத்து அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். தோல் பொரிகிற வாசனை வந்தது. மனசார அழுத்தினேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். அவன் அலறிக்கொண்டு படியில் உருண்டு இறங்கினான், ஹெல்மெட் அவனுக்கு முன்னால் உருண்டது.

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆயா, அந்தக் கம்பிய எடுத்த எடத்துல வச்சிடு. இன்னும் ரெண்டு கால் பாக்கி கீது."

வேலையை முடித்து, ஹெட்போன் ஒயருக்கும் புது முனை வைத்து மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் போலீசுக்குப் போகலாம் என்றார். நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல் என்றேன்.

மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போய் மகளிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் தகட்டையும் காட்டினேன். இந்த வயது வரை யாரிடமும் என் தப்பு என்று சொன்னவள் இல்லை நான். சொல்லும்போது விரலைவிட அதுதான் வலித்தது.

அவள் தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவன் இழுத்ததுக்கு அவன அடிச்ச, சூடு வச்ச. நீ நோண்டுனதுக்கு உன்ன யாரும்மா அடிக்கிறது?"

"அதான் அவனே அடிச்சிட்டானே."

சிரித்தாள். தையல் போடாத உதடு மறுபடி கிழிந்து ரத்தம் வந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஒயரைச் சொருகி உட்கார்ந்தாள். வாய் வீங்கியிருந்தாலும் குரல் தேன் மாதிரி இருந்தது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். சந்தில் அவன் வருவது தெரிந்தது, மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தான். கத்தத்தான் வந்திருந்தான். ஒரு கத்தல் வேலை கொடுத்த கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்தால் போதும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் பாய்ந்து நல்ல கையால் அதைப் பொத்தினேன். உள்ளங்கையில் பல் இறங்கக் கடித்தான். நான் முனகக்கூட இல்லை. கட்டுப்போட்ட கையை அவன் தொண்டையில் வைத்துச் சுவரோடு நெருக்கினேன். அவன் என் வயிற்றில் முழங்காலால் இடித்தான். இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு அடித்துக்கொண்டோம். என்னோடு மீன் விற்கும் பொம்பிளைகள் மூன்று பேர் பார்த்துவிட்டு, நான் கண்ணால் காட்டியதைப் புரிந்துகொண்டு, அவர்களும் வாயைத் திறக்காமல் வந்து அவன் காலைப் பிடித்தார்கள். வாயைப் பொத்தியபடியே தூக்கிக்கொண்டு சந்து முனையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மணல்வரைக்கும் போனோம். பின்னால் வீட்டுக்குள்ளிருந்து என் மகள் யாரிடமோ, ஆள் அனுப்புகிறேன் சார், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் காதில் விழாத தூரம் வந்த பிறகுதான் அவனை மணலில் போட்டு, நான் கத்த ஆரம்பித்தேன்.