இசைவாணியின் வலது கை

ஒரகடம் பக்கத்தில் இருந்த அந்தத் தகடு வளைக்கும் பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு ஷிப்டும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் புருஷோத்தமன் கேட்பார்: சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா, யாருக்காவது மயக்கம், கிறுகிறுப்பு உண்டா? வரிசை மொத்தமும் நல்லாயிருக்கோம் சார் என்று சொல்லும். காய்ச்சலோடு வந்தவளும் அதையே சொல்வாள். மதிவதனி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு வேறு பதில் கேட்டதேயில்லை. வேறு பதிலை முதலில் சொன்னவள் அவள்தான். தனக்காகச் சொல்லவில்லை, இசைவாணிக்காகச் சொன்னாள்.

மதிவதனிக்கு ஊர் வடக்குப்பட்டு. அப்பா நாகப்பன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பெரும்பாடு. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவாள். அப்படி நின்றவளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவள் இசைவாணி. குன்றத்தூர்க்காரி, வாய் ஓயாதவள். "நின்னுக்கினே போனா பஸ்ஸுக்குப் புடிக்கிற காசுல பாதி திருப்பித் தருவானா? குந்து" என்றாள். மறுநாளிலிருந்து ஜன்னலோரத்து சீட்டில் ஒரு டிபன் பை மதிவதனிக்காக இடம் பிடித்துக் காத்திருந்தது.

பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு இயர்போனைச் செருகிக்கொண்டு ஜப்பான் கார்ட்டூன் ஒன்று பார்ப்பார்கள். தமிழில் பேசுகிற கார்ட்டூன். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி. நீல முடி என்பதால் இசைவாணி அவளுக்கு வைத்த பெயர் நீலமுடி. அவளுடைய தோழி வெள்ளத்தில் செத்துப்போகிறாள். உடனே காலம் பின்னால் திரும்பி, பள்ளி திறந்த முதல் நாளின் மணி மறுபடி அடிக்கிறது. நடந்தது நீலமுடிக்கு மட்டும் நினைவிருக்கிறது. எத்தனை முறை காப்பாற்றப் பார்த்தாலும் கடைசியில் வெள்ளம் வந்துவிடுகிறது.

வெள்ளத்தைப் பார்த்து இசைவாணி சிரித்தாள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த வருஷம் எங்க தெருவுக்கு வந்திருந்தா இவ என்ன பண்ணியிருப்பா என்று கேட்டாள். மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. நீலமுடி செய்வதன் காரணமெல்லாம் அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது. யாரும் கூப்பிடாத பெண்ணை அந்தத் தோழிதான் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அது போதும், உயிரைக் கொடுக்கலாம். முதல் தடவை நீலமுடி உண்மையைச் சொன்னாள், தோழி நம்பவில்லை. அடுத்த தடவை நம்பினாள். நம்பியதால் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் முதல் ஆளாகச் செத்தாள். அதற்குப் பிறகு நீலமுடி வாயைத் திறப்பதேயில்லை. ஆபத்து வருவதற்கு முன்பே தான் போய் வழியை மறித்துக்கொள்கிறாள். திட்டு வாங்குகிறாள், கெட்ட பெயர் எடுக்கிறாள்.

"எல்லாம் சரி," என்றாள் இசைவாணி. "அந்தப் பொண்ணாண்ட ஒருவாட்டினா கேட்டாளா, உனக்கு இன்னா வோணும்னு?"

மதிவதனி இயர்போனைக் கழற்றினாள். பஸ் கேட்டுக்குள் திரும்பிவிட்டது.

அவர்கள் வேலை செய்த பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கித் தகட்டை வளைக்கும். அச்சு இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இசைவாணி இடது பட்டனைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவாள். வலது கை பட்டனில் இருக்க, இடது கை தகட்டை எடுத்து எடுத்து வைக்கும். வேகம் கூடும். வேகம் காட்டுகிற காண்ட்ராக்ட் ஆளைக் கம்பெனி ஆளாக எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உலவியது. காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, கம்பெனி ஆட்களுக்கு நீலச் சட்டை. அந்த நீலச் சட்டையின் மேல் இசைவாணிக்குக் கண். துணியைப் புருஷோத்தமனும் பார்ப்பார். ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் அவிழ்க்கச் சொல்வார்.

கட்டாதே என்று மதிவதனி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உன் மெஷினைப் பாரு என்று பதில் வந்தது. அதோடு அவளும் நீலமுடியின் வழிக்குப் போய்விட்டாள். டீ நேரத்தில் யாருக்கும் தெரியாமல் துணியை அவிழ்த்தாள். வேறு துணி வந்தது. அவசரப்படத் தேவையில்லாமல் போகட்டும் என்று, தான் அடித்த பீஸ்களை இசைவாணியின் தொட்டியில் கலந்துவிட்டாள். கணக்கில் இசைவாணியின் வேகம் எகிறியது. அந்த வேகத்தையே டார்கெட் ஆக்கிவிட்டார்கள். இசைவாணி துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

பிறகு ஒரு நாள் ஓவர்டைம் முடியும் நேரத்தில் இசைவாணிக்குக் கண் செருகியது. அச்சு இறங்கியதும் இடது கை வெளியே வந்ததும் ஒன்றாக நடந்தன. கையுறையின் நுனி மட்டும் உள்ளே மாட்டிக் கிழிந்தது. இசைவாணி அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி மதிவதனி ஒவ்வொரு வழியாக யோசித்துப் பார்த்தாள்.

துணியைப் பற்றிப் புகார் சொன்னால் இசைவாணியை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். அப்போதுதான் அதே ஷாப்பில் வேலை செய்யும் ரத்னாவின் ஞாபகம் வந்தது. ரத்னா மாசமாக இருந்தபோது ஒருநாள் வேலை நடுவில் மயக்கம் என்று சொன்னாள். அன்றே பேக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். ஸ்டூல், மின்விசிறி, அட்டைப்பெட்டி. கையை நசுக்க அங்கே எதுவும் கிடையாது.

மறுநாள் காலை கேள்வி முடிந்து வரிசை கலைந்தது. மதிவதனி மட்டும் நின்றாள். இசைவாணிக்கு அடிக்கடி மயக்கம் வருகிறது, அவள் மறைக்கிறாள் என்று புருஷோத்தமனிடம் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. நல்லதாப் போச்சும்மா என்று அவர் குறித்துக்கொண்டார்.

ரத்னா நீலச் சட்டைக்காரி. அந்த ஒரு விஷயத்தை மதிவதனி யோசிக்கவில்லை.

கம்பெனி ஆளுக்கு மயக்கம் வந்தால் பேக்கிங். காண்ட்ராக்ட் ஆளுக்கு வந்தால் டாக்டர் சர்டிபிகேட் வரும்வரை உள்ளே விடக் கூடாது. சர்டிபிகேட்டுக்கு அலைந்துகொண்டிருந்தபோதே காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். இசைவாணி கேட்டில் கார்டைத் தேய்த்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். உள்ளே நின்று மதிவதனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்றத்தூருக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் இசைவாணிக்கு வேலை கிடைத்தது. பழைய பிரஸ், காலால் மிதித்தால் அடிக்கும். இங்கே பட்டனே கிடையாதுடி, கட்டுற வேலை மிச்சம் என்று மதிவதனியிடம் போனில் சிரித்தாள். மழைக்காலம் தொடங்கிய ஒரு மதியம், ஈரத்தில் கால் வழுக்கி மிதியில் விழுந்தது. வலது கை உள்ளே இருந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

அதிலிருந்து மதிவதனிக்கு பஸ்ஸில் ஒரே வேலை. கண்ணை மூடிக்கொண்டு பழைய நாளுக்குத் திரும்புவாள். மயக்கம் என்று சொல்லாமல் இருந்தால்? துணி கட்டிய மெஷின் இடது கையைத் தின்றிருக்கும். துணியைப் பற்றிச் சொல்லியிருந்தால்? வேலை போய், அதே ஷெட். பீஸ்களைக் கலக்காமல் இருந்தால்? துணி எப்போதும் இருந்ததுதானே. எந்தக் காலையிலிருந்து தொடங்கினாலும் ஒரு கை போனது. கண்ணைத் திறந்தால் பக்கத்து சீட்டில் யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசைவாணி வீட்டுக்குப் போனாள். இசைவாணியின் அம்மா மரகதம் கதவைத் திறந்து, உள்ளேதான் கீறா, போ என்றார். இசைவாணி இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊட்டிவிட நீண்ட மதிவதனியின் கையைத் தோளால் தள்ளினாள்.

"நான்தான் சாராண்ட சொன்னேன்," என்றாள் மதிவதனி.

"தெரியும். ரத்னாக்கா அன்னிக்கே போன் பண்ணிச்சு."

"தெரிஞ்சுமா எங்கிட்ட பேசிக்கினு இருந்தே?"

"நீயும் பேசலேன்னா உனக்கு யாரு கீறாங்க?" ஸ்பூனைத் தட்டில் போட்டாள். "பேக்கிங் போறியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்டி. போகமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அப்பவும் துணிதான் கட்டியிருப்பேன். ஆனா கை என்னோது."

மதிவதனி தட்டை ஓரமாக நகர்த்திவைத்தாள். அந்தக் கார்ட்டூனைப் பார்த்து முடித்துவிட்டேன் என்றாள் இசைவாணி. கடைசியில் என்ன ஆகிறது என்று மதிவதனி கேட்டாள்.

"மறுபடி மணி அடிக்குது. அவ்ளோதான்." இசைவாணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "கொஞ்ச நாளைக்கு வராத, மதி."

திங்கட்கிழமை இசைவாணியின் மெஷினில் ஒரு புதுப் பெண் நின்றாள். சாம்பல் சட்டையில் மடிப்புகூடக் கலையவில்லை. இடது பட்டனில் துணி கட்டியிருந்தது. மதிவதனி இந்த முறை அவிழ்க்கவில்லை, யாரிடமும் போகவில்லை. நேராகப் போய்க் கேட்டாள்: பயமாயில்லையா, உனக்கு இன்னா வோணும்?

அந்தப் பெண் வேலையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினாள்.

"கம்பெனில எடுக்கணும்க்கா. வேற இன்னா. நீங்க உங்க மெஷினப் பாருங்க."

மதிவதனி தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். தகட்டை வைத்தாள். இரண்டு பட்டனிலும் கை வைத்து அழுத்தினாள்.