காசிமேட்டில் கைமாறிய கார்டு

காலை 7.10. ராயபுரத்தில் இறங்கி, காசிமேடு மீன்பிடி துறைமுகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு எண்ணூர் முகத்துவாரம் வரை போவதுதான் என் திட்டம். ஊருக்குத் திரும்ப மாலையில் ரயில்.

7.45. துறைமுகத்துக்கு வெளியே ஏடிஎம் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் கஸ்தூரியம்மா. எர்ணாவூரில் மீன் விற்பவர். ஏலத்தில் சங்கரா மீன் எடுத்துவிட்டு, அதற்குக் கொடுக்கக் காசு எடுக்க வந்திருந்தார். முழங்கைவரை செதிலும் ஐஸ் தண்ணீரும்.

"நைனா, கை ஈரமா கீது. மிஷின் வேலை செய்யாது. ரெண்டாயிரம் எடுத்துக் குடு" என்று கார்டை நீட்டினார். ரகசிய எண்ணையும் மீன் விலை சொல்வதுபோல் உரக்கச் சொன்னார். அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரக்கைக்காரர்களுக்கு அடுத்தவர் எடுத்துக் கொடுப்பது அங்கே வழக்கமாம்.

பணம் வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தபோது அடுத்து நின்ற கட்டம்போட்ட சட்டைக்காரர், "இந்தாக்கா, கார்டை வுட்டுட்டுப் போகாத" என்று மிஷினிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன்.

8.20. மீன் கூடையோடு அவரும், பையோடு நானும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எண்ணூர் போகும் வழியில்தான் எர்ணாவூர்; முப்பது ரூபாய். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. மகள் பிரியா. வங்கிச் செய்தியெல்லாம் மகளின் போனுக்குத்தான் போகும்.

"அம்மா, இன்னாத்துக்கு பத்தாயிரம் பத்தாயிரமா எடுத்துகினு கீற? அது என் நர்சிங் ஃபீஸ்மா!"

"நான் எங்கடி எடுத்தேன்? ஆட்டோல வந்துகினு கீறேன்!"

ஆட்டோவில் இருந்த அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. கஸ்தூரியம்மா கேட்டார்: "நம்பரு உனக்குத்தானே நைனா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகம். பையைத் திறந்து மடியில் கொட்டினேன். சட்டைப்பையையும் காட்டினேன். பிறகு கார்டை வாங்கி, அவர் போனிலேயே வங்கியை அழைத்து, அவர் பெயரைச் சொல்லி, கார்டு எண்ணைப் படித்தேன். மறுமுனையில் இருந்த பெண், "சார், இது அந்தப் பேர்ல இருக்கிற கார்டு இல்லை. இது ஏற்கெனவே முடக்கின கார்டு" என்றார்.

அப்போதுதான் கார்டில் இருந்த பெயரைப் பார்த்தேன். செல்வராஜ்.

"அது யாரு?" என்றார், ஆங்கிலம் படிக்கத் தெரியாத கஸ்தூரியம்மா. அதே வங்கி, அதே நீலம். கட்டம்போட்ட சட்டை கார்டை மாற்றிக் கொடுத்திருக்கிறது.

கணக்கோடு இணைத்த போனிலிருந்து பிரியாதான் அழைத்து நிறுத்த வேண்டும் என்றார்கள். அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது பத்தாயிரமும் போனது. லாரி நகரவில்லை. வாழ்க்கையில் ஒரு லாரியை அவ்வளவு திட்டியதில்லை. நான்கு நிமிடம் கழித்து பிரியா அழைத்தாள்: "நிறுத்திட்டாங்க."

9.05. எர்ணாவூர் குடியிருப்பு. படிக்கட்டிலேயே நின்றிருந்த பிரியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவரு இல்லடி" என்றார் அம்மா. "ஐஸ் கரையுது. மீன வித்தாத்தான் இன்னிக்கு சோறு. நீ சாரோட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ, அந்த ஆளப் பாத்தவரு இவருதான்."

அரை மணிக்கு முன் திருடன் என்று நினைத்தவனோடு மகளை அனுப்புகிறார். எண்ணூர் முகத்துவாரத்தை நான் பார்க்கவேயில்லை. மாலை ரயிலும் போயிற்று.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பிரியாவிடம் சொன்னேன்: "தப்பு என்மேலதாம்மா. பணத்தையே எண்ணிக்கிட்டு இருந்தேன், அவன் கையைப் பார்க்கலை."

"அம்மாவும் பாக்கல சார்" என்றாள். "நீங்க வெளியூர் ஆளாச்சே, உங்க மேலயே கண்ணா இருந்துச்சாம்."