புயல் கூண்டு ஏறாத நாளில் ஆடிய பாலம்

காற்றில் பாலம் ஆடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை இல்லை. எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. பாலம் இருப்பது கடல் கடந்த ஒரு குளிர்நாட்டில். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இரும்பு வடத்தில் தொங்குகிறது. அதில் பொருத்திய கருவிகள் காற்றையும் அசைவையும் அளந்து அனுப்ப, தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடை மாடியில் இருந்து நானும் உடன் வேலை பார்க்கும் ரோஸ்லினும் பார்க்கிறோம். திரையைப் பார்த்தே கண் பூத்துப்போன அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

அண்ணாச்சியின் சந்தேகம்

மாடியை வாடகைக்கு விட்ட கடை அண்ணாச்சிக்கு எங்கள் தொழில் பிடிபடவே இல்லை. ஒருநாள் விளக்கினேன். பலத்த காற்றில் பாலம் ஓர் ஆள் உயரத்துக்குக்கூடப் பக்கவாட்டில் நகரும், அப்படி நகரும்படிதான் கட்டியிருக்கிறார்கள், அதை இங்கிருந்தே கணக்கெடுக்கிறோம் என்றேன். முந்திரிப்பருப்பைப் புடைத்தபடி முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"பாலம் எங்கனயோ கெடக்கு, நீ இங்கன இருக்க. விழுந்தா இங்கன இருந்தே புடிச்சிருவியாலே?"

நாலாவது போன்

நான் புயல் பார்த்து வளர்ந்தவன். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் தூக்கம் போய்விடும். இறக்கினால்தான் சோறு இறங்கும். சேர்ந்த புதிதில் அங்கே பெருங்காற்று அடித்தது. பாலத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு அடுத்தடுத்துப் போன் போட்டேன். அங்கிருந்த பெரிய அதிகாரி கோபிக்கவில்லை. நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்:

"இது நாலாவது போன். பாலம் நன்றாக இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா?"

சாதுவான காற்று

வெட்கமாகிவிட்டது. அதன்பின் காற்றின் வேகம் எல்லை தாண்டினால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். கூண்டு ஏறாத வரை பயமில்லை என்கிற ஊர்ப்புத்திதான்.

ஒருநாள் அங்கே இதமான காற்று. மணி அடிக்கவில்லை. ரோஸ்லின்தான் கூப்பிட்டுக் காட்டினாள். அரைமணி நேரமாகக் காற்று பாலத்துக்குக் குறுக்கே ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தது. பாலத்தின் தளம் மேலும் கீழுமாக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. மிதமான காற்றும் பாலத்தின் அசைவோடு தாளம் பொருந்திவிட்டால் தளத்தையே அலையாக்கிவிடும் என்று படித்திருந்தேன். படித்தது மறந்து, கூண்டுதான் நினைவில் இருந்தது. சாது மிரண்டால் காடு கொள்ளாது.

தளத்துக்கு அடியில் தொங்கும் தொட்டிலில் நான்கு பேர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் என் கை போனுக்குப் போகவில்லை. இவ்வளவு சின்னக் காற்றுக்கா என்று சிரிப்பார்களே என்றேன். ரோஸ்லின் ரிசீவரை எடுத்து என் கையில் திணித்தாள்:

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ அண்ணே. கீழ நாலு பேரு தொங்குதாவ. மொதல்ல பேசுங்க."

அஞ்சாவது போன்

பேசினேன். நால்வரையும் மேலே ஏற்றினார்கள், வண்டிகளை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் பாலம் நிஜமாகவே ஆடியது. காலியான தொட்டில் ஊஞ்சலாகப் போய்க் கோபுரத்தில் இடித்ததைக் கேமராவில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோஸ்லினுக்கு ஒரு கிலோ மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். என் நன்றிக்கு அது காணாது. சாயங்காலம் அந்த அதிகாரியே கூப்பிட்டார்:

"நால்வரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி தினமும் நான்கு தடவை கூப்பிடுங்கள். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கிறேன்."

விழுந்தால் இங்கிருந்து பிடிக்க முடியாதுதான் அண்ணாச்சி, ஆனால் பக்கத்தில் ஒரு ரோஸ்லின் இருந்தால் நேரத்துக்குக் கூப்பிட முடியும்.