குவா அக்காவுக்கு ஒரு பக்கம்

படத்தில் குழந்தை அழுதால் நாம் குழந்தையைத்தான் பார்க்கிறோம். படப்பிடிப்பில் அது பெரும்பாலும் தூங்கிப்போயிருக்கும். இல்லையென்றால் விளக்கைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருக்கும். அதற்காக அழுதவள் வேறொருத்தி. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கைக்குட்டையை வாயில் பாதி திணித்துக்கொண்டு, மைக் முன்னால் நின்று அழுதவள்.

கூடத்தில் அவளுக்குக் ‘குவா அக்கா’ என்று பெயர்.

“அக்கா, இது பசி அழுகை இல்ல. எறும்பு கடிச்சிருக்கு.”

“செவப்பா கறுப்பா? அதச் சொல்லுடா மொதல்ல.”

ஒலிப்பதிவாளர் சிரித்து முடிப்பதற்குள் அவள் அழுது முடித்துவிடுவாள். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடுவாள். பேருந்தில் நிஜக் குழந்தை ஏதாவது அழுதால் மட்டும், காதைப் பொத்திக்கொள்வதுபோலக் கன்னத்தில் கை வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பார்த்தவர்கள் தொழில் அலுப்பு என்று நினைத்தார்கள்.

எந்தப் படத்திலும் அவள் பெயர் திரையில் வந்ததில்லை. குழந்தை அழுததற்கு யார் பெயர் போடுவார்கள்?

இப்போது அந்தத் தொண்டையில்தான் நோய். பேச்சு, கதவிடுக்கில் நுழையும் காற்றுபோல வந்தது. அவளோடு இருந்தது அவளுடைய உடன்பிறந்த அக்காவின் மகள் மட்டும். அந்த அக்கா கண்மூடிய நாளிலிருந்து இவள் தோளில் வளர்ந்தவள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. பல்வலிக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கும் இடைவெளிகளில், இணையக் கலைக்களஞ்சியத்தில் சித்திக்கு ஒரு பக்கம் எழுதினாள். சித்தியின் கண் திறந்திருக்கும்போதே அவள் பெயர் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு ஏறியது: நீக்கலுக்குப் பரிந்துரை. காரணம், குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை.

அவள் படித்துக் காட்டியபோது சித்தி சிரித்தாள். சிரிப்பில் பாதி இருமல்.

“அவங்க குறிப்பிட்டாத்தானேடி தக்கவளா தகாதவளான்னு தெரியும்?”

“சிரிக்காத சித்தி. எனக்கு வயிறு எரியுது.”

கீழே உரையாடல் வளர்ந்தது. ஒருவர் ‘நீக்கலாம்’ என்றார். ஒருவர் ‘வைத்திருக்கலாம், படித்துவிட்டு அழுதேன்’ என்றார். அதற்கடியில் இன்னொருவர், ‘அழுகை சான்றாகாது’ என்று எழுதியிருந்தார்.

பரிந்துரைத்தவருக்கு அங்கே ‘கத்தரி’ என்று பெயர். வெட்டித் தள்ளுகிறவர். அவள் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துக் கெஞ்சி எழுதியிருந்ததால், மனிதரே அழைத்துவிட்டார்.

“மேடம், எனக்கு உங்க சித்தி மேல பகையா சொல்லுங்க? வெளியாள் எழுதின ஒரே ஒரு சான்று குடுங்க, நானே வைக்கலாம்னு எழுதறேன்.”

“பேரே போடாதவங்களப் பத்தி யாருங்க எழுதுவாங்க?”

“அதான் நானே தேடினேன். நீங்க சொன்ன படத்துல ஒண்ணுக்குப் பழைய விமர்சனம் இருக்கு. ‘நடிப்பில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது அந்தக் கைக்குழந்தையின் அழுகை’ன்னு பெரிய பத்தி. டைட்டில்ல ‘குழந்தை’ன்னு போட்டு ஒரு ரெண்டெழுத்துப் பேர் வருது. அந்தப் பத்தியிலயும் அதே பேர்தான். நம்ம களஞ்சியத்துல அந்தப் படத்தோட பக்கத்திலயும் நடிகர் வரிசையில கடைசியா அதான் இருக்கு. ஆனா அந்தக் குழந்தையைப் பெத்தவங்க, அது எங்க புள்ள பேரே இல்லன்னு எப்பவோ ஒரு பேட்டியில சொல்லியிருக்காங்க. அழுதது உங்க சித்தின்னா, அது அவங்க பேர்தானே? ‘ஆமா, அது என் இன்னொரு பேர்’னு அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். அங்க அவங்க பேர மாத்திப் போட்டுருவோம், பக்கமும் நிக்கும்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வரிசையில் கன்னம் வீங்கிக் காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

“சித்தி! கெடைச்சிருச்சு! ‘ஆமா’ன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்!” என்று அந்த இரண்டெழுத்துப் பெயரைச் சொன்னாள்.

தலையணையில் சாய்ந்திருந்த சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

“அது என் பேரு இல்லடி.”

“டைட்டில்ல வந்திருக்கே!”

“அந்த டைரக்டர் நல்ல மனுஷன். ‘ஒங்க பேர என்னன்னு போடறது’ன்னு கேட்டார். சொன்னேன். அந்தப் பேரு சின்னப் புள்ள பேரு மாதிரி இருக்கவும், எழுதினவன் ‘குழந்தை’ன்னே போட்டுட்டான். எல்லாரும் தப்பா வந்திருச்சுன்னாங்க. தப்பா வரல.”

பெண்ணுக்குப் புரியவில்லை. சித்தி கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. பொறந்து அழல. இப்ப அழும், இப்ப அழும்னு அந்த நர்ஸ் மொகத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பேரு என்னன்னுகூட யாரும் கேக்கல. நான்தான் அஞ்சு மாசத்துலயே வெச்சிருந்தேனே.”

“சித்தி...”

“அது அழாத அழுகையத்தான் நான் ஊரெல்லாம் அழுதேன். அந்த ஒரு படத்துல அதுவே அழுதுச்சு. பேப்பர்ல பாராட்டுகூட வாங்கிச்சு.” மூச்சு வாங்கியது. “என் பேருன்னு சொன்னா அங்கேருந்து எடுத்துருவாங்கல்ல?”

பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்பச் சொல்லாத. எனக்கு நீ இருக்க. அதுக்கு அந்த ஒரு வரிதான் இருக்கு.”

எப்பேர்ப்பட்ட கல் நெஞ்சமும் அந்த அறையில் நின்றிருந்தால் கரைந்திருக்கும். பெண் அவள் மடியில் விழுந்து அழுதாள். சித்தி அழவில்லை. அவளிடம் இருந்த அழுகையெல்லாம் பிறர் படங்களில் தீர்ந்துபோயிருந்தது.

அன்று மாலை கத்தரிக்கு ஒரு செய்தி போனது: ‘அது என் சித்தியின் பெயர் அல்ல. நீங்கள் விதிப்படி செய்யுங்கள்.’

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் அதற்குமேல் சொல்லவில்லை. கத்தரி ‘நீக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு, விதிக்கு அவசியமில்லாத ஒரு சொல்லையும் அதனருகில் எழுதினார்: ‘வருத்தத்துடன்.’

மறுநாள் காலை சித்தி சைகையால் கைப்பேசியைக் கேட்டாள். பெண் அந்தப் படத்தின் பக்கத்தை எடுத்து, கடைசி வரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். குழந்தை. பக்கத்தில் இரண்டெழுத்து.

சித்தி விரலால் மெல்ல வருடினாள். விரல் பட்டதும் திரை நழுவி வேறெங்கோ போய்விட்டது. அவள் பதறிப்போனாள்.

“எங்கடி? எங்க போச்சு?”

“எங்கயும் போகல சித்தி,” என்று பெண் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். “இந்தா. இங்கதான் இருக்கு.”