குடிவரவு அதிகாரியின் மகள்

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில், சீனத்துத் தாவோ சிந்தனை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். புகழையும் ஆதாயத்தையும் தேடி ஓடாதவரே தன் இயல்பில் வாழ்கிறார், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு விலகி நிற்பதே மேன்மை என்று பன்னிரண்டு பக்கம். அதற்குத் துறையின் பரிசு கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பரிசுக் கடிதத்தைப் பிரதி எடுத்து, என் படத்தையும் வைத்து, இங்கே வரும் தமிழ் மாத இதழ் ஒன்றுக்கு நானே அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. எந்தப் படத்தில் மூக்கு நன்றாக விழுந்திருக்கிறது என்று அரைநாள் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

படம் வந்த மாதமே ஒரு சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். விம்பிள்டன் பக்கம் மண்டபம் எடுத்து விழா வைக்கிறார்களாம். எனக்கும் அப்பாவுக்கும் பொன்னாடை.

"அப்பாவுக்கு என்ன வேலை, பிள்ளை?"

"ஹீத்ரோவில துப்புரவு வேலை."

"அதை மேடையில வாசிக்க ஏலாதே. இமிகிரேஷன் ஒபிசர் எண்டு போடுவமே? ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

ஹவுன்ஸ்லோவில் இருக்கும் எங்களை அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. "ஓம், போடுங்கோ" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை, நானும் தயங்கவில்லை. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

விழா ஞாயிறு பிற்பகல். ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் அடுத்த நிமிடம் அவரிடமே ஒன்றை வாங்கிப் போர்த்திக்கொண்டார். தன் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்ற பட்டம் விடுபட்டுப்போனதற்காக ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வழக்காடினார். முன்வரிசைக் கதிரைக்காக இரண்டு பட்டு வேட்டிகள் முட்டிக்கொண்டன. அதற்குள் ஆண்கள் கழிப்பறை அடைத்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீர் நடைவழிக்கு வந்துவிட்டது. கோட் போட்ட குழுவினர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"உதுக்குத்தான் நான் மற்ற மண்டபத்தை எடுக்கச் சொன்னனான்."

"இப்ப உந்தக் கதையை விடும். கேர்டேக்கர் எங்க?"

"ஞாயிற்றுக்கிழமை வரமாட்டானாம்."

அப்பா எழுந்தார். கோட்டைக் கழற்றி என் மடியில் வைத்தார். "மொப் எங்க வச்சிருக்கிறியள், தம்பி?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அவர் உள்ளே இருக்கும்போதுதான் அறிவிப்பு வந்தது. "ஹீத்ரோ விமான நிலையத்தின் குடிவரவு அதிகாரி அவர்களும், அவரது அருமைப் புதல்வியும்!" பலத்த கைதட்டல். கோட்டைக் கதிரையில் வைத்துவிட்டு நான் தனியாக ஏறினேன். அப்பா எங்கே என்று அறிவிப்பாளர் காதில் கேட்டார். அவசரமாக வெளியே போயிருக்கிறார் என்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு, புகழை நாடாத வாழ்வு பற்றிப் பேசினேன். எழுந்து நின்று தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியபடி, நனைந்த கால்சட்டையோடு கதவருகே நின்றார். நான் அவரைப் பார்க்காததுபோல வேறு பக்கம் பார்த்தேன்.

நான் இறங்கி வந்து கோட்டை எடுத்ததும் அப்பா வாங்கக் கை நீட்டினார். கிருமிநாசினியும் மலமும் கலந்த வாடை.

"கை கழுவினனீங்களோ?" என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"ரெண்டு தரம், பிள்ளை."

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்கள். வந்தவள் அப்பாவின் ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையின்ர அப்பாதானே, அண்ணை? கும்பிட்டுக் கேக்கிறன். என்ர தம்பி வெள்ளிக்கிழமை வந்து இறங்கிறான். திருப்பி அனுப்பிப்போட்டா அங்க ஆமிக்காரன் விடமாட்டான். அவன்ர கடிதமெல்லாம் இதுக்க கிடக்கு. நீங்கள் ஒருக்காப் பாத்துவிடுங்கோ."

"நான் என்ன செய்ய ஏலும், தங்கச்சி?"

"இமிகிரேஷன் ஒபிசர் எண்டு இப்பதானே மேடையில சொன்னவை."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று கொஞ்சம் பொறுத்தும் பார்த்தார். நான் பொன்னாடையின் சரிகைக் கரையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைத் தங்கச்சி. நான் அங்க கக்கூஸ் கழுவுறன். அவை மாறி வாசிச்சுப்போட்டினம்."

அவள் கையை விடவில்லை. "வாசிச்ச ஆளுக்குப் பக்கத்தில பிள்ளை நிண்டதே, அண்ணை. பிழையெண்டா அது சொல்லியிருக்குமே. உதவி செய்ய விருப்பமில்லாமல் சொல்லுறியளோ?"

அப்பா குனிந்து நனைந்த சப்பாத்தைக் காட்டினார். அவள் அதையும் என் பொன்னாடையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடி தளர்ந்தது.

"கேஸ் பாக்கிற ஒரு சொலிசிட்டரைப் பிடியுங்கோ. வெள்ளிக்கிழமை எனக்குக் காலமை ஷிப்ட். தம்பி வெளியில வாற இடத்தில நான் நிண்டு பாக்கிறன்" என்றார் அப்பா.

அவள் தலையாட்டினாள். "நீங்கள் நல்லாப் பேசினீங்கள், பிள்ளை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அங்கே வேறு யாராவது ஒபிசர் இருக்கிறார்களா என்று வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனாள்.